பூங்காவில் விரிந்த பாவும் ஒரு குழுவின் கள ஆய்வும்

சட்டமன்றக் குழுக்களின் அறிக்கைகளில் குழு கண்ட முடிவு இருக்கும்; அம்முடிவை அது வந்தடைந்த வழி இராது. அவ்வழியில் எத்துணைச் சினமும் சிரிப்பும் தேநீரும் கடந்து போயின என்பதைப் பதிவுசெய்ய எந்த விதியும் இடம் தருவதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எழுதப்படாத இடத்தைக் கதை வந்து நிரப்பிவிடுகிறது. அண்மையில் ஒரு பணிநிறைவு விழாவில், காஞ்சிபுரத்துப் பூங்காவைப் பற்றி என் காதுபடவே ஒருவர் பேசினார். குழுத் தலைவர் கொட்டும் மழையில் நின்றுகொண்டு, இடித்துத் தள்ளுங்கள் என்று முழங்கினாராம். அப்பொழுதே பொக்லைன் வந்து சிலையைப் பெயர்த்து எறிந்ததாம். கேட்டவர்கள் கைதட்டினார்கள்.

அன்று அங்கே நனைந்தவர்களுள் நானும் ஒருவன். மழை கொட்டவில்லை, தூறியது. தலைவர் முழங்கவில்லை, முழங்குவதற்கு வாய் திறந்தார் என்பது உண்மை. பொக்லைன் வரவே இல்லை. வந்திருந்தால் பூங்காவை ஒட்டிய தெருக்களின் நெசவாளர்கள் இன்றளவும் நம்மை வைதுகொண்டிருப்பார்கள். குழுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அக்கதையை நம்பிக் கள ஆய்வுக்குப் புறப்பட்டுவிடக் கூடாதே என்னும் கவலையினாலேயே இதனை எழுதுகிறேன்.

நான் அப்பொழுது பணிபுரிந்த குழுவின் கடமை, பொதுப்பணத்தில் நிலம் ஒதுக்கி அமைக்கப்பெறும் பூங்கா, விளையாட்டுத்திடல், படகுத்துறை போன்றவை எந்நோக்கத்துக்காகக் கட்டப்பட்டனவோ அந்நோக்கத்துக்குப் பயன்படுகின்றனவா என்று ஆராய்வது. குழுவில் அமர்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களுக்கு நாள் குறிப்பதும், துறைகளிடம் விளக்கம் பெறுவதும், சான்றுரைகளைப் பதிவதும், அறிக்கையின் வரைவை எழுதுவதும் நம் வேலை. எனக்கு இவ்வேலையைக் கற்பித்த மேலதிகாரி ஒருவர் இருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். சேர்ந்த புதிதில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "குழு பார்க்கும், கேட்கும், எழுதும். அதற்குமேல் அதனிடம் ஒரு கருவியும் கிடையாது. ஆகையால் பார்ப்பதையாவது நேராகப் பாருங்கள்." இதைச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு பழைய நாற்காலியைக் காட்டினார். அவ்வளவுதான் என் பயிற்சி.

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், செவிலிமேடு செல்லும் வழியில், இரண்டு நெசவாளர் தெருக்களின் கொல்லைப்புறங்களுக்கு இடையே நீண்டு ஒடுங்கிய புறம்போக்குத் திடல் ஒன்று இருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப்பாவை, அதாவது புடவையின் நீளவாக்கு இழைகளை, முழுநீளத்துக்கும் விரித்து, இறுக்கிக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, சிக்கலின்றிச் சுருட்ட வேண்டும். இதற்கு நேரான நீண்ட இடம் தேவை. வெயில் ஏறுவதற்கும் காற்று எழுவதற்கும் முன்பே வேலை முடிந்தாக வேண்டும். முன்பு தெருவிலேயே விரித்தார்கள். வீட்டுக்கு வீடு வண்டிகள் வந்து தெருவில் நிற்கத் தொடங்கிய பின்னர் இத்திடலுக்கு வந்தார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை; யாரும் தடுக்கவும் இல்லை.

அத்திடல்மேல் ஒரு நாள் பூங்கா வந்தது. பொருந்தாத திட்டம் என்று சொல்லமாட்டேன். சுற்றிலும் நடைபாதை, நடுவே புல்வெளி, சிறுவர்க்கு ஊஞ்சல், பெரியோர்க்கு இருக்கைகள் என எல்லாம் செவ்வையாக அமைந்திருந்தன. ஊரின் பெருமை விளங்க வேண்டும் என்று திட்டமிட்டவர்கள் ஆசைப்பட்டார்கள். ஆகவே திடலின் நட்டநடுவில் வட்டமான பூம்பாத்தி அமைத்து, அதனுள் கற்காரைச் சிற்பங்களை நிறுத்தினார்கள். ஆணும் பெண்ணுமாக நெசவாளர் மூவர் பாவு விரிக்கும் காட்சி அது. பாவுக்குப் பொன்வண்ணம் பூசிய இரும்புக் கம்பிகள். சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. மேலே, நான்கு தூண்கள்மீது நல்ல அகலமான கூரை.

இனி அங்கே நேர்க்கோடாக எஞ்சியிருந்த இடம் நடைபாதையின் நெடும்பக்கம் ஒன்றுதான். நெசவாளர்கள் இயல்பாக அதற்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் பாவு விரிக்கும் நேரமும் ஊரார் நடைப்பயிற்சிக்கு வரும் நேரமும் ஒன்று. பூசல் பிறக்க வேறென்ன வேண்டும்?

நடைப்பயிற்சியாளர் சார்பில் குழுவுக்கு மனு வந்தது. பூங்காவைக் கட்டிய துறை நம்மை முந்திக்கொண்டு ஒரு தீர்வையும் அறிவித்திருந்தது. வரும் திங்கள்கிழமை முதல் விடியற்காலையில் வாயிற்கதவு பூட்டியிருக்கும். வெயில் ஏறிய பின்னரே திறக்கும். பாவு விரிப்போருக்கு மாற்றிடமாக ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு திடல் காட்டப்படும். குழு வந்து பார்த்து, சரி என்று ஒரு வரி எழுதிவிட்டால் அத்தீர்வு நிலைத்துவிடும். துறை எதிர்பார்த்ததும் அந்த ஒரு வரியைத்தான்.

நாங்கள் காஞ்சிபுரம் சென்ற நாளின் மாலையில், விருந்தினர் மாளிகையில் இருதரப்பாரையும் தலைவர் அழைத்துக் கேட்டார். தலைவர் பாலாற்றின் மேற்கரை ஊர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தவர். பேச்சில் அந்த மண் அப்படியே இருக்கும். மனுதாரர் திரு. வரதராசன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். முழங்கால் அறுவை முடிந்து, நாள்தோறும் சமதளத்தில் நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சாலையில் நடந்தால் பேருந்து இடிக்கும் என்னும் அச்சம் அவருக்கு. அது நியாயமான அச்சமே. நெசவாளர் சார்பில் பேச வந்தவர் திருமதி கற்பகம். இரண்டு தறிகளை நடத்துபவர், நாற்பது வயதிருக்கலாம், யாருக்கும் குரல் தாழ்த்தாதவர்.

"சார், அது வாக்கிங் டிராக். பேரே அதுதான்," என்று தொடங்கினார் வரதராசன். "குனிஞ்சு குனிஞ்சு போக வேண்டியிருக்கு. என் முட்டிக்குக் குனியக் கூடாது. நேத்து என் ஃபிரெண்டுக்குக் கழுத்துல நூல் மாட்டிக்கிச்சு."

"கழுத்துல மாட்டுனா நூலுதான் சார் அறுந்துபூடும், கழுத்துக்கு ஒன்னும் ஆவாது," என்றார் கற்பகம். "அறுந்தத முடியறதுக்குள்ள எங்க கண்ணு பூத்துபோவுது. அத்த யாரும் மனுவுல எழுதலையே?"

"பாருங்க சார், இப்படித்தான் பேசுவாங்க."

"வேற எப்டி பேசறது? நீங்க போனு பேசிக்கினு நடந்தா பாவு எங்க தெரியும்?"

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏம்மா, ஏனாத்தூர் பக்கம் எடம் தராங்கன்றாங்களே, அங்க போனா இன்னா?" என்று கேட்டார்.

கற்பகத்தின் குரலில் இருந்த விளையாட்டு அப்பொழுது மறைந்தது. "பாவ சுருட்டி வேன்ல ஏத்தினு போயி, விரிச்சு, திருப்பி ஏத்தினு வரணும் சார். வேன் வாடகைக்கே நெய்யணும். கூட வந்து இழுத்துப் புடிக்க பத்துப் பேரு வேணும். இங்கன்னா பக்கத்து வூட்டுக்காரங்க பல்லு வெளக்கிக்கினே வந்து புடிப்பாங்க. அவங்க பாவுக்கு நாங்க போவோம். அம்மாந் தூரம் யாரு வருவாங்க? திங்கக்கெழமை பூட்டுனீங்கன்னா நாங்க தறிய வித்துட்டு கூலி வேலைக்கு கம்பெனி பஸ்ஸுக்குத்தான் நிக்கணும். மெரட்றதுக்குச் சொல்லல சார். எங்க தெருவுல ரெண்டு வூடு ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கினு இருக்குறாங்க."

வரதராசன் தம் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறையின் செயற்பொறியாளர் எழுந்து, ஆய்வுக்கு மறுநாள் முற்பகல் பத்து மணிக்கு எல்லா ஏற்பாடும் செய்யப்பட்டுள்ளதாகவும், அதற்கு முன்பு கோயில் வழிபாடும் சிற்றுண்டியும் உண்டு என்றும் தெரிவித்தார். நல்ல மனிதர், கடுமையாக உழைப்பவர். அவர் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலில் பொன்னாடை போர்த்துதலுக்குத் தனியே நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முற்பகல் பத்து மணிக்கு அப்பூங்காவில் பாவும் இராது, நடப்பவரும் இரார். வெயிலும் சிற்பங்களும் நாமும் மட்டுமே இருப்போம். யாரும் நம்மை ஏமாற்ற நினைத்து அந்நேரத்தைக் குறிக்கவில்லை. குழுக்கள் எங்கும் அந்நேரத்துக்கே செல்வதால், எங்கும் அந்நேரமே குறிக்கப்படுகிறது. பொதுவிடம் ஒன்றை, பொதுமக்கள் அதனைப் பயன்படுத்தாத வேளையில் பார்த்துவிட்டு வருவது நம் தொழிலுக்கே உரிய பிழை. நான் தலைவர் அருகே சென்று, விடியற்காலையில் சென்றாலன்றி இருதரப்பும் சொன்னதைக் குழு காண இயலாது என்றேன்.

"நான் நாலு மணிக்கே எழுந்துக்கற ஆளு," என்றார் தலைவர். "மத்தவங்களதான் நீங்க எழுப்பணும். உங்க செந்தமிழ்ல எழுப்பாதீங்க அய்யா. கேக்க நல்லாருக்குதுன்னு திருப்பித் தூங்கிடுவாங்க."

பொறியாளரின் முகத்தில் பத்து மணிக்குரிய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன.

மறுநாள் கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் நாங்கள் பூங்கா வாயிலில் இறங்கினோம். நடைபாதையின் நெடும்பக்கம் முழுவதும் மாம்பழ வண்ணத்தில் ஒரு பாவு விரிந்திருந்தது. கற்பகத்தின் பாவுதான். இருமருங்கும் பெண்களும் ஆண்களும் வரிசையாய் நின்று, விரல் நுனியால் இழைகளைப் பிரித்து நீவிக்கொண்டிருந்தார்கள். கஞ்சியின் மணம் காலைக் காற்றில் மெல்லப் பரவியிருந்தது. மறுபக்கத்தில் நடைப்பயிற்சியாளர்கள் வந்த வழியே திரும்பித் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். பாவு கட்டிய முனையை அடைந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினார்கள். வரதராசன் கையில் குடையோடு முன்னணியில் இருந்தார். எங்களைக் கண்டதும் அவருடைய நடை சற்றே நொண்டலாயிற்று.

திடலின் நடுவே, அணைக்கப்படாத மின்விளக்குகளின் ஒளியில், சிற்பங்கள் மூன்றும் பொன்வண்ணக் கம்பிகளைப் பிடித்தபடி நின்றன.

"இது இன்னாது?" என்று கேட்டார் தலைவர்.

"நெசவாளர் பெருமைச் சிற்பத் தொகுதி அய்யா," என்றார் பொறியாளர். "பாவு விரிக்கிற காட்சி."

"சரி. நெஜமா பாவு விரிக்கறவங்க எங்க விரிக்கறாங்க?"

"அவங்க… நடைபாதையை ஆக்கிரமிச்சு விரிக்கிறாங்க அய்யா."

"முன்னாடி எங்க விரிச்சாங்க?"

பொறியாளரின் கை தன்னை அறியாமல் சிற்பங்களின் பக்கம் சற்றே உயர்ந்தது. உறுப்பினர் ஒருவர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவின் மறுபுறத்திலிருந்து கற்பகம், "அந்த பொம்மைங்க வந்த நாள்லேர்ந்து விரிச்சுக்கினே இருக்குதுங்க சார், இன்னும் ஒரு பொடவ எறங்கல!" என்று குரல் கொடுத்தார். வரிசையில் நின்ற அனைவரும் சிரித்தார்கள். நடப்பவர்களும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்துவிட்டார் என்பதை அவர் மதிப்புக் கருதிப் பதிவேட்டில் நான் எழுதவில்லை.

அப்பொழுதுதான் தூறல் விழுந்தது.

பருவத்தோடு பொருந்தாத சிறு தூறல். ஆனால் கஞ்சி தெளித்த பட்டுப்பாவுக்கு அது போதும். நனைந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பல நாள் உழைப்பு வீணாகும். "மழ! மழ! சுருட்டு!" என்று யாரோ கூவினார். அடுத்த நொடியில் நான் கண்டதை இன்றும் மறக்க இயலவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டம் முழுவதும் பாவை நோக்கி ஓடியது. எல்லோர்க்கும் முன்னே ஓடியவர் வரதராசன். முழங்கால் என்ற ஒன்று அவருக்கு இருந்ததாகவே தெரியவில்லை. கையிலிருந்த குடையை விரித்து, தம் தலைக்கன்றிப் பாவின்மேல் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோடியில இருந்து சுத்துங்கம்மா! இழுக்காதீங்க! யோவ், தரையில பட்டுது பாரு, தூக்கு!" என்று ஆணைகளைப் பிறப்பித்தார்.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கத்தைத் தாங்கினார். பெண் உறுப்பினர் ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபக்கம் சென்றார். பொறியாளர் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு, எங்களுக்குப் போர்த்துவதற்காக வண்டியில் அடுக்கி வைத்திருந்த பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, பாவின்மேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினார். எங்கள் குழுவுக்கு வந்த மரியாதை முழுவதும் அன்று ஒரு மாம்பழ வண்ணப் பாவுக்குச் சென்றது. அதனை விடத் தகுதியானவர் எவரும் அங்கே இல்லை.

சுருட்டிய பாவைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவதற்கு இடம் தேடியபோது கண்ணில் பட்டது சிற்பங்களுக்கு மேலிருந்த கூரைதான். கைப்பிடிக் கம்பியைத் தாண்டி அனைவரும் உள்ளே நுழைந்தோம். நெசவாளர்கள், நடப்பவர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், கற்காரை மனிதர் மூவர் என எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்றோம்.

தலைவர் வரதராசனைப் பார்த்தார். "இன்னா சார், உங்க மனுவ வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

"அதெப்படி சார்?" என்றார் வரதராசன், மூச்சு வாங்கியபடி. "மனு மனுதான். எனக்கு டிராக் வேணும். அதுக்காகப் பாவு நனையலாமா?"

அந்தப் பூசலில் நான் கேட்ட மிகத் தெளிவான சான்றுரை அதுவே. ஒருவர் கேடு நினைத்து மற்றவர் காக்கும் வழக்கு அன்று இது. இருவர் தேவையும் உண்மை. இடம்தான் தவறாகப் பங்கிடப்பட்டிருந்தது.

இதற்குள் செய்தியாளர்கள் வந்துவிட்டார்கள். ஒளிப்படக் கருவிகள் கூரையைச் சூழ்ந்தன. தலைவரின் முகம் சிவந்திருந்தது. அவர் என் காதருகே குனிந்து, "இப்பவே சொல்லிடறேன் அய்யா. இந்தப் பொம்மை, கூரை, கம்பி எல்லாத்தயும் நாளைக்கே இடிச்சுத் தள்ளட்டும். வேல முடிஞ்சுது," என்றார்.

ஒலிவாங்கிகள் நீண்டுவிட்டன. எனக்குக் கிடைத்தது தலைவர் மேல்துண்டைச் சரிசெய்துகொள்ளும் நேரம் மட்டுமே. நான் அவர் சட்டைக் கையைப் பற்றினேன். அவ்வாறு செய்தல் முறையன்று, ஆயினும் செய்தேன்.

"தாங்கள் ஆணையிட இயலாது அய்யா. குழு பரிந்துரைக்கத்தான் இயலும்."

"இத்தினி ஜனம் பாத்துக்கினு இருக்குது. இந்த நேரத்துல விதிய எடுத்துக்கினு வரீங்களே!"

"விதிக்காகச் சொல்லவில்லை. துறையின் விளக்கத்தைக் கேட்காமல் தாங்கள் இங்கே அறிவித்தால், எங்களைக் கேளாமலே முடிவுசெய்துவிட்டார்கள் என்று துறை நாளை எழுதும். அந்த ஒரு வரி போதும். நம் அறிக்கை முழுவதும் ஓரமாக வைக்கப்படும். தங்களுக்கு அதனால் இழப்பில்லை. திங்கள்கிழமை கதவு பூட்டப்படும். இழப்பு இந்த அம்மையாருக்கு."

தலைவர் என்னை முறைத்தார். பிறகு கற்பகத்தைப் பார்த்தார். அவர் தம் புடவைத் தலைப்பால் பாவின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத இடிச்சுட்டா உனக்கு சரியாபூடுமா?" என்று கேட்டார் தலைவர், மெல்லிய குரலில்.

"அய்யய்யோ, இடிக்காதீங்க சார்!" என்றார் கற்பகம். "இப்ப எங்க நிக்கறோம் பாருங்க. கூரை நல்லாத்தான் கட்டிக்கிறாங்க. தூணுக்கு நடுவுல பாவு தாராளமா போவும். மழ தூறுனா அப்டியே உள்ள இழுத்துக்கலாம். இந்தப் பாத்தியும் கம்பியும்தான் குறுக்க நிக்குது. பொம்மைங்கள வேணா வாசல்ல கொண்டு போயி வெய்யுங்க. வர்றவங்க பாத்துட்டுப் போவட்டும்."

"அப்ப டிராக்?" என்றார் வரதராசன்.

"டிராக்க நீங்களே கட்டிக்கினு அழுங்க சார், எங்களுக்கு எதுக்கு?"

கூரையின் கீழ் எழுந்த சிரிப்பில் செய்தியாளர்களும் கலந்துகொண்டார்கள். தலைவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். முழங்கியிருந்தால், நனையாத ஒரே இடத்தை அவர்களுக்காகவே இடித்துக் கொடுத்திருப்போம்.

ஆனால் திங்கள்கிழமை இன்னும் அப்படியே இருந்தது. அறிக்கை எழுதி அவையில் வைக்கப் பல மாதங்கள் ஆகும். பூட்டு அதுவரை காத்திராது. ஆணையிடும் உரிமை இல்லாத குழு இந்நிலையில் என்ன செய்வது? நான் தலைவரிடம், "பொறியாளரை வினவுங்கள், அவர் மறுமொழியைச் சான்றுரையாகப் பதிந்துகொள்கிறேன்," என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டார். உறுப்பினர்கள் அனைவரையும் அருகழைத்து, அவ்விடத்திலேயே குழுவின் அமர்வைத் தொடங்கி, பொறியாளரை முறைப்படி முன்நிற்கச் செய்தார்.

"குழு ஆராஞ்சுக்கினு இருக்கற விசயத்துல, அறிக்கை வர்றதுக்கு முன்னால, நீங்க கதவப் பூட்டறதா இருக்கறீங்களா? எங்களுக்குத் தெரிஞ்சாவணும். உங்கள வற்புறுத்தல."

பொறியாளர் சுற்றிலும் பார்த்தார். தாம் போர்த்திய பொன்னாடைகள் பாவின்மேல் ஈரமாகக் கிடந்தன. ஒரு பக்கம் வரதராசன், மறுபக்கம் கற்பகம். அவருக்கும் மேலதிகாரிகள் உண்டு. அவர்களைக் கேளாமல் வாக்களிப்பது எளிதன்று.

"அறிக்கை வரும்வரை பூட்டமாட்டோம் அய்யா," என்றார் இறுதியில். "இதை என் பொறுப்பிலேயே சொல்றேன்."

நான் எழுதிக்கொண்டேன். குழுமுன் அலுவலர் ஒருவர் தாமே அளிக்கும் உறுதிமொழிக்கு உள்ள வலிமை, தலைவரின் எந்த முழக்கத்துக்கும் இல்லை. முழக்கத்தை மறுக்கலாம், தன் சொல்லைத் தானே மறுப்பது எந்தத் துறைக்கும் இயலாது. பதிவு முடிந்ததும் தலைவர் செய்தியாளர்களிடம் திரும்பி, "குழு கேட்டுக்கினு இருக்குது, கேட்டு முடிச்சதும் சொல்லும்," என்று மட்டும் கூறினார். அவர்கள் ஏமாற்றத்தோடு வரதராசனின் குடையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சென்னை திரும்பிய பின்னர் துறையின் உயர் அலுவலர்களை அழைத்துக் குழு முறைப்படி கேட்டது. சிற்பங்களை அகற்றினால் ஊரின் பெருமை குன்றும் என்றார் ஒருவர். வாயிலில் வைத்தால் வீதியில் போகிறவரும் காண்பாரே என்று பெண் உறுப்பினர் கேட்க, அவர் நீர் அருந்தினார். வரைவு எழுதும்போது என் மேசையில் நிகழ்ந்த சிறு போராட்டத்தையும் சொல்ல வேண்டும். துறையின் குறிப்பு முழுவதிலும் "ஆக்கிரமிப்பு" என்னும் சொல்லே இருந்தது. உடன் பணிபுரிந்தவர் அதனை அப்படியே எடுத்து எழுதியிருந்தார். நான் அதனை அடித்துவிட்டு, "பூங்கா அமைவதற்கு முன்பிருந்த பயன்பாடு" என்று எழுதினேன். நீளமான தொடர்தான். ஆனால் ஒருவரைக் குற்றவாளியாகப் பெயரிட்டுவிட்டு, பின்னர் அவருக்கு இடம் ஒதுக்கப் பரிந்துரைப்பது எங்ஙனம்? துறை தரும் சொல்லை அதன் பொருளை எடைபோடாமல் அறிக்கைக்குள் விடாதீர்கள்.

பரிந்துரை இதுதான்: பூம்பாத்தியும் கைப்பிடிக் கம்பியும் அகற்றப்பட்டு, தூண்களுக்கிடையே திடலின் நீளம் முழுவதும் நேர்வழி ஒன்று திறக்கப்பட வேண்டும், சிற்பங்கள் வாயிலுக்குப் பெயர்க்கப்பட வேண்டும், கூரை அப்படியே நிற்க வேண்டும், விடியற்காலையில் வாயில் திறந்திருக்க வேண்டும். துறை முதலில், ஆவன செய்யப்படும் என்று எழுதியது. நாங்கள், எப்பொழுது என்று கேட்டு எழுதினோம். இவ்வகை ஆட்டம் சில சுற்றுகள் நடந்தது. அதைச் சொல்லி உங்களை வருத்தமாட்டேன். அத்தனை சுற்றுகளின்போதும் கதவு பூட்டப்படவில்லை. பொறியாளர் சொன்ன சொல்லைக் காத்தார்.

செயலாக்கத்தைச் சரிபார்க்க நாங்கள் மீண்டும் சென்றபோது, தூண்களின் நடுவே மயில்கழுத்து வண்ணத்தில் ஒரு பாவு நீண்டிருந்தது. கற்பகம் வேலையை நிறுத்தாமலே தலையை அசைத்து எங்களை வரவேற்றார். கம்பெனிப் பேருந்துக்கு யாரும் போகவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நடைபாதை முழுவட்டமாகத் திறந்திருந்தது. வரதராசன் எங்களைக் கடந்து போகும்போது, நடையை நிறுத்தாமலே, "ரெண்டு லைட் எரியலை சார், மனு போட்டிருக்கேன்," என்றார்.

பொறியாளர் பின்னர் வேறு பணிக்கு மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் வைகறையில் என் கைப்பேசி ஒலித்தது. அவர்தான். தென்னேரி ஏரிக்கரையில் படகுத்துறையும் சிறு பூங்காவும் அமைக்கத் திட்டமாம். வரைபடத்தில் கையெழுத்திடும் முன்பு, இருள் பிரியும்போதே இடத்தைப் பார்க்கச் சென்றிருக்கிறார்.

"அய்யா, படகுத்துறை வர வேண்டிய எடத்துல எருமைங்க குளிச்சுக்கினு இருக்குது. ஒரு கூட்டமே இருக்குது. என்ன பண்றது?"

"அவற்றை ஓட்டிவந்தவர் அங்கே இருக்கிறாரா?"

"கரையில பல்லு வெளக்கிக்கினு நிக்கறாரு."

"அவரிடம் கேளுங்கள்."

"கேட்டேன் அய்யா. அந்தப் பக்கம் ஆழம் அதிகம், படகு அங்க வுட்டுக்கோங்க, எருமைக்கு இதுதான் சரின்றாரு. வரைபடத்தை மாத்திடறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பரிந்துரைகளை எழுதியிருக்கிறேன். அவற்றுள் எழுதாமலே நிறைவேறியது இது ஒன்றுதான். அன்று காலைக் காப்பி எனக்கு மிகவும் சுவைத்தது.

இதனை நினைவிலிருந்து எழுதினேன். அலுவலகக் கோப்பு எதுவும் என்னிடம் இல்லை. பேச்சுகளில் சொற்கள் முன்பின் மாறியிருக்கலாம். நெசவு வேலையின் வரிசையை அத்தொழிலார் கண்டு நகைக்கவும் கூடும். அன்று உடனிருந்தவர்களும், அத்தெருக்களைச் சேர்ந்தவர்களும், பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்புள்ள இளம் அலுவலர்களும் பிழை கண்டால் தயங்காமல் எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். குழுவின் வரைவைக்கூட உறுப்பினர்கள் திருத்திய பின்னரே அவையில் வைத்தோம். ஓய்வுபெற்ற ஒருவனின் நினைவு அதனினும் மேலான சலுகையை எதிர்பார்ப்பது முறையாகாது.